நகராத விளக்குதான் ஆபத்து: சிங்கப்பூர்க் கடலில் சிறு படகு ஓட்டுபவர்களுக்கு

என் தங்கை மகளும் அவளுடைய நண்பர்கள் மூவரும் சேர்ந்து 6 மீட்டர் விசைப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். நால்வரில் இருவரிடம் உல்லாசப் படகு ஓட்டும் உரிமம் இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் தென்தீவுகளின் பக்கம் தூண்டில் போடப் போவதாகத் திட்டம். "மாமா, நீங்கள் 24 வருடம் லாஞ்சு ஓட்டியவர். எங்களுக்கு என்ன சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டாள். தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் பேசியும் பாதிகூட முடியவில்லை. எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளைப் போலப் புதிதாகக் கடலில் இறங்குகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் ஓட்டியது நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறியையும் குடிநீரையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் லாஞ்சு. இந்தத் துறைமுகத்தில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய ஆயிரம் கலங்கள் இருக்கும். தெற்கே பிலிப் கால்வாய் அருகில் நீரிணை 2.8 கிலோமீட்டராகக் குறுகிவிடுகிறது. இந்த நெருக்கத்தில் 6 மீட்டர் படகு என்பது ஆனைக் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஓடும் கோழிக்குஞ்சு. ஆனை குனிந்து பார்த்து நடக்கும் என்று கோழிக்குஞ்சு நம்பியிருக்கக் கூடாது. பார்ப்பதும் முடிவெடுப்பதும் விலகுவதும் நம் வேலை. கப்பல் தொலைவில் இருக்கும்போதே அதைச் செய்து முடித்துவிட வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வழிகள்தான்.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்த என் தாத்தா படகின் முன்பக்கத்தை அணியம் என்பார், பின்பக்கத்தை அமரம் என்பார். இரண்டும் சுருக்கமான, குழப்பமில்லாத சொற்கள். இங்கும் அவற்றையே எழுதுகிறேன்.

கண்ணுக்குப் பழக்க வேண்டிய முதல் வேலை

லாஞ்சின் தலைவரை இங்கே தைகோங் என்போம். என் முதல் தைகோங் ஒரு மலாய்க்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என்னை இருக்கையில் உட்காரவைத்து, தலையைப் பின்பலகையில் சாய்த்துக்கொள்ளச் சொன்னார். தொலைவில் வந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலைக் காட்டி, "கண்ணாடியில் அது எந்த இடத்தில் தெரிகிறது?" என்றார். நடுக்கம்பிக்கு ஒரு விரற்கடை வலப்பக்கம் என்றேன். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார். அதே இடம்தான். "பெரிதாகியிருக்கிறதா?" ஆம் என்றேன். "நீயும் அதுவும் ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அவரே சுக்கானை வாங்கித் திருப்பினார்.

மோதல் தவிர்ப்பின் உயிர்நாடி இதுதான். பக்கத்தில் இருப்பது ஆபத்து, தொலைவில் இருப்பது பாதுகாப்பு என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். ஐம்பது மீட்டரில் உங்களைக் கடந்து விலகிப் போகும் படகைக் கண்டு பதறுவார்கள். இரண்டு கடல்மைல் (ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர்) தொலைவில், ஒரே திசையில் அசையாமல் நின்று, மெல்ல மெல்லப் பெரிதாகும் விளக்கைக் கவனிக்கவே மாட்டார்கள். உங்களைக் கொல்லக் கூடியது அந்த இரண்டாவதுதான்.

செய்யும் முறை: உங்கள் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். தலையை ஒரே இடத்தில் வைத்து, எதிரில் தெரியும் கப்பலைப் படகின் ஏதாவது ஒரு கம்பியோடு சேர்த்துப் பாருங்கள். கப்பல் கம்பியிலிருந்து உங்கள் அணியத்தை நோக்கி நகர்ந்தால், உங்களுக்கு முன்னால் கடந்துபோகும். அமரத்தை நோக்கி நகர்ந்தால், பின்னால் போகும். நகரவே இல்லை என்றால் மோதும். கையில் பிடிக்கும் திசைகாட்டி இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் நேர் வடக்கே போகிறீர்கள், கப்பல் 40 பாகையில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும்போது 40, 46, 53 என்று ஏறினால் அது உங்கள் பின்னால் போய்விடும். 40, 41, 40 என்று நின்றால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு விதியே சொல்கிறது.

நகர விளக்குகள் நிறைந்த இந்த ஊரில் இன்னொரு வழியும் உண்டு. கப்பலுக்கு வெகு பின்னால், கரையில் ஒரு விளக்கையோ கட்டடத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல் அந்த விளக்கைத் தாண்டித் தன் அணியம் இருக்கும் பக்கமாக முன்னேறிக்கொண்டே போனால், அது உங்களுக்கு முன்னால் கடந்துவிடும். கரை விளக்குகள் கப்பலை முந்துவது போல் தெரிந்தால், அது உங்கள் பின்னால் போகும். ஒரே விளக்கு கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே நின்றால், அது திசை நகராத கப்பல், மோதும்.

ஒரு எச்சரிக்கை. 300 மீட்டர் நீளக் கப்பல் அருகில் வந்துவிட்டால் இந்தக் கணக்கு ஏமாற்றும். கப்பலின் பின்பக்க மாடம் நகர்ந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் அணியம் அதே இடத்தில் நின்று உங்களை நோக்கி வரும். ஆகவே நீளமான கப்பலில் இரண்டு முனைகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கமாக நகர்ந்தால்தான் நிம்மதி.

விளக்குகள் சொல்லும் சேதி

கலத்தின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, அமரத்தில் வெள்ளை. இது உரிமத் தேர்வுக்கே படித்திருப்பீர்கள். கடலில் முதலில் கண்ணுக்குப் படுவது இந்தச் சிவப்பும் பச்சையும் இல்லை. 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் வெள்ளை உச்சி விளக்குகள் 6 கடல்மைல் வரை தெரிய வேண்டும். பக்கவிளக்குகளுக்கு 3 கடல்மைல்தான் கணக்கு. கரை வெளிச்சத்தின் முன்னால் அதுவும் குறைந்துவிடும். பாசிர் பாஞ்சாங் பாரந்தூக்கிகளின் வெளிச்சத்துக்கும் புக்கோம் தீவின் ஆலை வெளிச்சத்துக்கும் முன்னால் ஒரு சிவப்புப் பொட்டைத் தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அதனால் உச்சி விளக்குகளைப் படிக்கப் பழகுங்கள். பெரிய கப்பலில் இரண்டு இருக்கும். முன்னால் இருப்பது தாழ்ந்தது, பின்னால் இருப்பது உயர்ந்தது. தாழ்ந்த விளக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ, கப்பலின் அணியம் அந்தப் பக்கம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நின்றால் அது நேராக உங்களைப் பார்த்து வருகிறது. இரண்டுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், உங்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. சிவப்பும் பச்சையும் தெரியும் முன்பே இவ்வளவு சேதி கிடைத்துவிடுகிறது.

செங்குத்தாக மூன்று சிவப்பு: ஆழத்தால் கட்டுண்ட கப்பல், தன் பாதையை விட்டு விலக அதற்கு வழியில்லை. இரண்டு சிவப்பு: கட்டுப்பாடு இழந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு: தூர்வாருவது போன்ற வேலையில் இருப்பதால் விலக முடியாதது. செங்குத்தாக மூன்று பச்சை தெரிந்தால், அந்தக் கப்பல் நீரிணையில் பெரிய கப்பல்களுக்கு வகுத்த ஒருவழித் தடத்தைக் குறுக்கே கடக்கிறது என்று பொருள். மேற்கே போகும் தடம் சிங்கப்பூர்ப் பக்கம் இருப்பதால், இங்கிருந்து கிழக்கே போகிற கப்பல் அதைக் கடந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட கப்பல் சீக்கிரத்தில் பெரிதாகத் திரும்பும் என்று எதிர்பார்த்து ஒதுங்கியிருங்கள்.

அவர்களுக்கு நீங்கள் தெரிவதில்லை

கொள்கலன் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மாடத்தில், நிற்பவருக்குக் கப்பலின் மூக்குக்கு முன்னால் கடல் தெரியாத பரப்பு ஒன்று இருக்கிறது. அது கப்பலின் இரண்டு நீளத்தையோ 500 மீட்டரையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு விதி. தாண்டக் கூடாது என்றால், அதுவரை மறைவது சட்டப்படி சரி. 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) வேகத்தில் வரும் கப்பல் 500 மீட்டரை ஏறக்குறைய 80 நொடியில் கடந்துவிடும். அதாவது நீங்கள் அவர் கண்ணிலிருந்து மறைந்த பின் உங்களுக்கு இருப்பது 80 நொடி. அந்த நேரத்தில் அவர் உங்களுக்காக எதையும் செய்யப் போவதில்லை. பார்த்தாலும் பயன் குறைவு. நிறைசுமை எண்ணெய்க் கப்பல் நிற்பதற்குக் கடல்மைல் கணக்கில் தூரம் வேண்டும்.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கப்பலுக்கு அது பொருந்தாது. இயந்திரம் அமரத்தில் இருக்கிறது. அணியத்துக்கு முன்னால் நிற்பவருக்கு அதன் ஓசை அநேகமாக எட்டுவதே இல்லை. உங்கள் சொந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எதிர்க்காற்றில் 300 மீட்டர் கப்பல் ஒன்று ஓசையில்லாமல் பின்னால் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். என் தைகோங் சொல்லிச் சொல்லி என் காதில் ஏறிப்போன மலாய்ச் சொல் 'பெலாக்காங்', பின்னால் பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைச் சொல்வார். மருமகளே, உன் படகில் அதைச் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்.

விலகும் முறை

கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் எழுதப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. சிறு படகுகள் தமக்குள் சந்திக்கும்போது அவை எளியவை. குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் விலக வேண்டும், அதன் முன்னால் கடக்கக் கூடாது. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முந்துபவர் யாராக இருந்தாலும் முந்துபவரே விலகி ஓட்ட வேண்டும்.

பெரிய கப்பல்களுடன் இந்தக் கணக்கே வேண்டாம். குறுகிய கால்வாயிலும் கப்பல் தடத்திலும் 20 மீட்டருக்குக் குறைந்த கலம் பெரிய கப்பலின் பாதைக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யார் விலக வேண்டும் என்ற கேள்வியே எழாதபடி முன்கூட்டியே அவருக்கு இடம்விட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தடத்தின் ஓரத்திலோ வெளியிலோ ஓட்டுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நின்று பாருங்கள், இருபக்கமும் இடைவெளி கிடைத்ததும் செங்கோணத்தில், தயங்காமல் கடங்கள். சாய்வாகக் கடந்தால் தடத்துக்குள் இருக்கும் நேரம் கூடும், உங்கள் பக்கவிளக்கும் பிறருக்குச் சரியாகத் தெரியாது.

நேரத்தை மனக்கணக்காகவே போடப் பழகுங்கள். 20 நாட் என்றால் நிமிடத்துக்கு 600 மீட்டருக்கும் மேல். எதிரே 12 நாட்டில் கப்பல் வந்தால் இருவருக்கும் இடையே நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் கரைகிறது. இரண்டு கடல்மைல் தொலைவில் கண்ட கப்பல் நான்கு நிமிடத்துக்குள் உங்களிடம் வந்துவிடும். தே தாரிக் ஆறும் நேரம்கூட இல்லை. ஆகவே இரவில் 20 நாட் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 8 நாட் போதும். மீன் எங்கும் ஓடிவிடாது.

திருப்பினால் பெரிதாகத் திருப்புங்கள். 5 பாகை, பிறகு இன்னொரு 5 பாகை என்று நெளிந்துகொண்டே போனால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் திரும்பியதே தெரியாது. 60 பாகையாவது திருப்புங்கள். உங்கள் விளக்கின் நிறமே அவர் கண்ணில் மாற வேண்டும். எங்கே திருப்புவது என்று குழப்பமாக இருந்தால், அவருடைய அமரத்தைக் குறிவைத்து ஓட்டுங்கள். அமரம் நகர நகர நீங்களும் அதையே பார்த்து ஓட்டினால், தானாகவே அவர் பின்னால் போய்ச் சேர்வீர்கள். திரும்பியபின் மறுபடி கம்பியைப் பாருங்கள். திசை இப்போது நகர்கிறதா? அவர் முழுவதும் கடந்து போகும்வரை பழைய பாதைக்குத் திரும்பாதீர்கள்.

வேகத்தைக் குறைப்பதும் விலகுவதுதான். இளைஞர்களுக்கு அது தோல்வி போலத் தோன்றுகிறது. நின்றுவிட்ட படகு யாருடைய பாதையையும் குறுக்கே வெட்டுவதில்லை.

இடப்பக்கத்திலிருந்து வரும் படகு விலக வேண்டும், ஆனால் விலகவில்லை என்றால்? ஐந்து குறு ஊதல் கொடுங்கள்: "உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை" என்பது அதன் பொருள். பிறகு வேகத்தைக் குறையுங்கள் அல்லது வலப்பக்கம் திரும்புங்கள். அவர் இருக்கும் இடப்பக்கம் திரும்பாதீர்கள். கடைசி நொடியில் அவர் தன் வலப்பக்கம் திரும்பினால் இருவரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு ஊதல் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு இடப்பக்கம், மூன்று பின்னியக்கம், அதாவது இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். பெரிய கப்பலிலிருந்து ஐந்து ஊதல் கேட்டால் அது வேறு யாருக்கோ என்று எண்ணாதீர்கள். உடனே வேகத்தைக் குறைத்துச் சுற்றிலும் பாருங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

இழுவைப் படகும் பார்ஜும்

பார்ஜ் என்பது இழுவைப் படகு வடம் கட்டி இழுத்துப் போகும் தட்டையான சரக்குக் கலம். இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். என் 24 வருடத்தில் நான் உண்மையாகவே சாவைப் பார்த்தது இங்கேதான்.

2007இல் ஓர் இரவு, கிழக்கு நங்கூரத் தளத்தில் ஒரு கப்பலுக்குக் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. என் வலப்பக்கத்திலிருந்து ஓர் இழுவைப் படகு குறுக்கே போயிற்று. விதிப்படி வேகத்தைக் குறைத்து அதற்கு வழிவிட்டேன். அது கடந்ததும், அதன் அமரத்துக்குப் பின்னால் போகலாம் என்று லாஞ்சைத் திருப்பி வேகம் கொடுத்தேன். அதன் அமரத்தில் வெள்ளை விளக்குக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பார்த்தேன். பார்த்ததை மனம் வாங்கிக்கொள்ளவில்லை. அணியத்தில் நின்ற பையன் கத்தினான். முழுப் பின்னியக்கம் கொடுத்தேன். அவன் கைவிளக்கின் ஒளியில், எங்களுக்கு 15 மீட்டர் முன்னால், கடலிலிருந்து ஓர் இரும்பு வடம் நீர் சொட்டச் சொட்ட மேலே எழுந்து இழுபட்டு நின்றது. அதன் மறுமுனையில், மங்கிய விளக்குகளோடு, மணல் நிரப்பிய பார்ஜ் இருட்டாகவே வந்துகொண்டிருந்தது. வடத்தில் மாட்டியிருந்தால் லாஞ்சு கவிழ்ந்திருக்கும், பார்ஜ் எங்கள் மேலேயே ஏறிப் போயிருக்கும். அன்று கரையேறியபின் வெகுநேரம் என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. எந்த இழுவைப் படகைக் கண்டாலும் அது எதையோ இழுக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். செங்குத்தாக இரண்டு வெள்ளை உச்சி விளக்குகள் என்றால் இழுக்கிறது. மூன்று என்றால் இழுக்கும் நீளம் 200 மீட்டரைத் தாண்டுகிறது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக்கு மேல் மஞ்சள். பகலில், நீளம் 200 மீட்டருக்கு மேல் போனால் சாய்சதுர வடிவக் கறுப்பு அடையாளம் தொங்கும். இவற்றில் எது தெரிந்தாலும், இழுபடுவதன் கடைசி முனையைக் கண்ணால் கண்டுபிடிக்கும்வரை நகர மாட்டேன். பார்ஜுக்கும் பின்னால்தான் கடப்பேன். படகுக்கும் பார்ஜுக்கும் நடுவே இடம் எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் அது காலி இல்லை. வடம் பெரும்பாலும் நீருக்கடியில் தொங்குகிறது. பாசிர் பாஞ்சாங்கிலிருந்து துவாஸ் வரையிலும், உபின் பக்கமும் இந்த பார்ஜுகள் இரவும் பகலும் போகின்றன.

நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே

நிற்கிற கப்பல்தானே என்று அலட்சியம் வரும். இங்கே நீரோட்டம் வலுவானது. நங்கூரமிட்ட கப்பலின் அணியத்துக்கு முன்னால் நெருக்கமாகக் கடந்தால், நீரோட்டம் உங்களைச் சங்கிலியின் மேல் கொண்டுபோய்ப் போட்டுவிடும். எப்போதும் அமரத்துக்குப் பின்னால் கடங்கள். அமரத்தின் அடியில் நீர் கொப்பளித்தால் அது புறப்படத் தயாராகிறது. நங்கூரச் சங்கிலி நேர் செங்குத்தாக நின்றாலும் அப்படியே. இரு கப்பல்களுக்கு நடுவிலிருந்து வெளிவரும்போது, சந்திலிருந்து பெரிய சாலைக்கு வருவது போல வேகம் குறைத்து எட்டிப் பாருங்கள்.

உங்கள் படகுக்குள்

தூண்டில் போடுபவர்கள் நால்வரும் தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் எப்போதும் காவலில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறட்டும். காவலில் இருப்பவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, பாட்டும் வேண்டாம். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு முறை திரையைப் பார்த்தால் அவ்வளவும் வீணாகிறது.

பலர் தவறாக நம்பும் ஒன்று: தூண்டிலோடு இருப்பதால் நாம் மீன்பிடிக் கலம், மற்றவர்கள் விலகுவார்கள் என்பது. விதியில் மீன்பிடிக் கலம் என்றால் வலை போன்ற கருவியால் தன் இயக்கமே கட்டுப்பட்ட கலம். கைத்தூண்டிலுக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னொன்று: 7 மீட்டருக்குக் குறைந்த படகு நங்கூரமிட்டால் விளக்கு வேண்டாம் என்ற சலுகை. அது கலங்கள் போகும் வழியிலும் நங்கூரத் தளத்திலும் அவற்றின் அருகிலும் செல்லாது. சிங்கப்பூர்க் கடலில் அப்படி அல்லாத இடத்தை எனக்குக் காட்டுங்கள். எங்கும் விளக்குப் போடுங்கள், சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு, யாருடைய தலையும் மறைக்காத உயரத்தில்.

படகு ஓரமெங்கும் நீலம், பச்சை, சிவப்பு என அலங்கார விளக்குச் சரம் கட்டுகிறார்கள். மனம் நொந்து கேட்டுக்கொள்கிறேன், கட்டாதீர்கள். உங்கள் பச்சை எது, சிவப்பு எது என்று தெரியாமல் ஒரு லாஞ்சுக்காரர் தவறாகத் திரும்பினால், அவர் படகில் இருக்கும் மாலுமிகளின் வீடுகளிலும் அழுகுரல் எழும்.

சுமத்ரா வரும்போது

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கிலிருந்து திடீரென்று காற்றும் மழையும் பாயும். இங்கே சுமத்ரா என்றே சொல்வோம். இரவு முழுதும் தூண்டில் போட்டுக் களைத்துத் திரும்பும் நேரத்தில்தான் அது வரும். மேற்கே அடிவானம் கறுத்து, குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டதும், மழைக்கு முன் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் எந்தக் கப்பல் எங்கே, எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு சுற்றுப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள். தடத்தைவிட்டு வெளியேறி, பெரிய கப்பல் வர முடியாத ஆழம் குறைந்த இடத்துக்குப் போங்கள். பாறைத்திட்டு இல்லாத இடமா என்று வரைபடத்தில் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டை எல்லோர் மேலும். இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறை நீண்ட ஊதல், 4 முதல் 6 நொடி. முன்னாலிருந்து ஊதல் கேட்டால், படகு திசை மாறாமல் நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். ரேடாரில் மட்டும் தெரியும் கலம் முன்பக்கம் இருந்தால் இடப்பக்கம் திரும்பாதீர்கள்.

வானொலியும் கைப்பேசியும்

வி.எச்.எஃப். கடல் வானொலியில் 16ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருங்கள். துறைமுகப் போக்குவரத்து அலைவரிசைகள் மேற்கில் 73, நடுவில் 14, கிழக்கில் 10. எந்தக் கப்பல் எங்கே புறப்படுகிறது என்று கேட்டாலே பாதி ஆபத்து முன்கூட்டித் தெரிந்துவிடும். ஆனால் வானொலியில் பேரம் பேசி விலகாதீர்கள். "என் அணியத்துக்கு முன்னால் இருக்கும் கப்பல்" என்று கூப்பிட்டால் பதில் சொல்பவர் வேறு யாராகவும் இருக்கலாம். பேசும் நேரத்தில் திருப்பியிருக்கலாம்.

கப்பல்களைக் காட்டும் கைப்பேசிச் செயலிகளை நம்பி ஓட்டவே கூடாது. திரையில் தெரியும் இடம் சில நிமிடம் பழையதாக இருக்கலாம், பல சிறு படகுகள் அதில் தெரிவதே இல்லை. கரையில் இருக்கும்போது வேடிக்கை பார்க்க நல்லது.

சுக்கான் யார் கையில்?

2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில், சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்த ஜான் எஸ். மெக்கேன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஆல்னிக் எம்.சி. என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் இயந்திர வேகத்தையும் இரு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது, சுக்கான் கட்டுப்பாடும் அவர்கள் அறியாமலேயே பக்கத்து மேசைக்கு மாறிவிட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று நினைத்தார்கள். குழப்பம் தீர்வதற்குள் கப்பல் இடப்பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதைக்குள் புகுந்துவிட்டது. அந்தக் காலையில் நானும் கடலில்தான் இருந்தேன். வானொலியில் கேட்ட குரல்கள் இன்னும் நினைவிலிருக்கின்றன.

6 மீட்டர் படகிலும் இது நடக்கும். ஒருவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவார், மற்றவர் பிடித்திருக்கிறார் என்று இவர் நினைப்பார். "சுக்கான் உன்னிடம்" என்று கொடுப்பவர் சொல்ல வேண்டும், "சுக்கான் என்னிடம்" என்று வாங்குபவர் சொல்ல வேண்டும். எந்தத் திசையில் ஓட்டுகிறோம், எந்தக் கப்பலைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கைமாற்றுங்கள்.

கடலுக்குப் போகும் முன் ஒரு பயிற்சி உண்டு, செலவே இல்லாதது. அடுத்த சனிக்கிழமை மாலை 7 மணிக்கு நாங்கள் ஐவரும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலோரக் கற்களின் மேல் உட்காரப் போகிறோம். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா. தெரியும் விளக்குகளை வைத்து எது நிற்கிறது, எது நகர்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எது எதை இழுக்கிறது என்று எழுத வேண்டும். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இருபது கப்பலில் பதினெட்டைச் சரியாகச் சொன்னவர் மட்டுமே இரவில் சுக்கான் பிடிக்கலாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டிருக்கிறாள்.